பிடியரிசியும் வீட்டுப் பத்திரமும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. வாடகை வீட்டில் சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே, கையில் சிறிது பணமும் மாதந் தவறாத சம்பளமும் உள்ள குடும்பஸ்தர், பாங்கியில் கடன் வாங்கியாவது ஒரு சிறு வீட்டையோ, அடுக்கு மாடிக் கட்டடத்தில் ஒரு பகுதியையோ வாங்கிவிடுகிறார். கிருகப் பிரவேசம் நடக்கிறது. பால் காய்ச்சுகிறார்கள். உற்றார் உறவினர் வந்து வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். வாசலில் பெயர்ப் பலகையும் ஏறிவிடுகிறது.

எல்லாம் சரிதான். ஆனால் அந்த வீட்டின் பத்திரம் எங்கே இருக்கிறது? பாங்கியின் இரும்புப் பெட்டகத்தில் இருக்கிறது!

1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் அடமானத்தின் வகைகளை வரிசையாகச் சொல்கிறது. நிலத்தை அனுபவிக்கும் பாத்தியதையையே கடன் கொடுத்தவரிடம் விட்டுவிடும் ஒத்தி, போக்கியம் முதலியவை நம்முடைய பாட்டனார்கள் நன்கு அறிந்தவை. மூலப் பத்திரத்தை மட்டும் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்து வைப்பது மற்றொரு வகை. இன்றைய வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. வீடு நம்முடைய அனுபவத்தில் இருக்கிறது. பத்திரம் அவர்கள் கையில் இருக்கிறது. அதே சட்டம் அடமானம் வைத்தவருக்கு ஓர் உரிமையையும் வழங்கியிருக்கிறது. கடனைத் தீர்த்துச் சொத்தை மீட்டுக்கொள்ளும் உரிமை அது. அந்த உரிமையைக் குறித்த காலத்துக்கு முன்பே எய்துவதற்கு அன்றாடச் சில்லறைக் காசு எவ்வளவு தூரம் உதவும் என்பதை இங்கே ஆராய்வோம்.

"லட்சக்கணக்கான கடன் எங்கே, சில்லறைக் காசு எங்கே? மலையை மூக்குத்திக் கம்பியால் பெயர்ப்பதா?" என்று நேயர்கள் சிலர் நகைக்கலாம். நகைப்பதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

கணக்குச் சொல்லும் கதை

ஒரு நடுத்தரக் குடும்பம் 25 லட்ச ரூபாய் வீட்டுக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி வருஷத்துக்கு 8.5 சதவிகிதம்; தவணைக் காலம் 20 வருஷம். வட்டி விகிதம் காலத்துக்குக் காலம் ஏறி இறங்கக் கூடியது என்றாலும், கணக்கின் பொருட்டு அது மாறாமல் இருப்பதாகவே கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 21,696 ரூபாய் ஆகும். 240 மாதங்களில் அந்தக் குடும்பம் செலுத்தும் மொத்தத் தொகை சுமார் 52 லட்சத்து 7 ஆயிரம் ரூபாய். இதில் வட்டி மாத்திரம் 27 லட்சத்துக்கு மேல்!

முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். 21,696 ரூபாயில் 17,708 ரூபாய் வட்டிக்குப் போய்விடுகிறது. அசலில் கழிவது நாலாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. முதல் வருஷம் முழுவதும் 2 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கட்டிய பிறகு பாக்கி எவ்வளவு என்று கேட்டால், 24 லட்சத்து 50 ஆயிரம் என்று பதில் வருகிறது. வருஷமெல்லாம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் செலுத்தியதில் அசல் குறைந்தது 50 ஆயிரம் ரூபாய்தான். இந்த வேகத்தில் போனால், கடனின் பாதி அசல் தீர்வதற்குச் சுமார் 13 வருஷமும் 10 மாதமும் ஆகும். எஞ்சிய பாதி, மிகுதியுள்ள ஆறு வருஷங்களில் சரசரவென்று கரைந்துவிடும்.

இதில் பாங்கிக்காரர்களின் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. நிலுவையில் உள்ள அசலுக்குத்தான் ஒவ்வொரு மாதமும் வட்டி போடுகிறார்கள். தொடக்கத்தில் அசல் பெரிது, ஆகவே வட்டியும் பெரிது. அசல் சிறுத்தால் வட்டியும் சிறுக்கும். இந்த ஒரு சூத்திரத்தை நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டால் கடனை வெல்லும் வழியும் விளங்கிவிடும்.

இந்த இடத்தில் பழைய சரித்திரம் ஒன்றை நினைவுகூர்வது பொருத்தமாகும். 1938-ம் வருஷத்தில், ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது, சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 1932 அக்டோபருக்கு முன் பட்ட கடனுக்கு அதில் ஒரு விதி இருந்தது. விவசாயி ஒருவர் அசலாகவும் வட்டியாகவும் சேர்த்து, வாங்கிய தொகையைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால், அவருடைய கடன் முழுவதும் தீர்ந்துவிட்டதாகக் கருத வேண்டும் என்பதுதான் அந்த விதி. வட்டிக் கொடுமையில் சிக்கியிருந்த கிராமத்துக் குடியானவருக்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. இன்றைய வீட்டுக் கடனை அதனோடு சமமாக வைத்துப் பேசுவது நியாயமாகாது. வட்டியும் வேறு, காலமும் வேறு. ஆயினும் ஓர் உண்மை கவனிக்கத் தக்கது. மேலே சொன்ன குடும்பம் 25 லட்சம் வாங்கி 52 லட்சம் திருப்பிக் கொடுக்கிறது. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். நம்மைக் காப்பாற்ற அப்படி ஒரு சட்டம் இல்லை. நம்முடைய நிவாரணத்தை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

நாள் ஒன்றுக்கு இருபது ரூபாய்

சில்லறையின் சக்தியை இப்போது பார்ப்போம். அந்தக் குடும்பம் நாள் ஒன்றுக்கு 20 ரூபாய் எடுத்து வைக்கிறது. மாதம் 600 ரூபாய். இதைத் தவணையோடு கூடுதலாக மாதந்தோறும் அசலில் கட்டி வந்தால், 240 மாதக் கடன் 224 மாதத்தில் தீர்ந்துவிடும். 16 தவணைகள் மிச்சம். அந்த 16 தவணைகளின் தொகை சுமார் 3 லட்சத்து 47 ஆயிரம். அதற்காக அவர்கள் கூடுதலாகக் கட்டியதோ 1 லட்சத்து 34 ஆயிரம்தான். செலவு போக லாபம் 2 லட்சத்துக்கு மேல்.

நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் வைக்க முடிந்தால் மாதம் 1,500 ரூபாய் ஆகிறது. அப்போது 205-வது மாதத்தில் கடன் முடிந்துவிடுகிறது. ஏறக்குறைய மூன்று வருஷம் முன்னதாக! வட்டியில் மிச்சமாவது சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்.

மூன்று வருஷம் என்பது சிலருக்குச் சிறிதாகத் தோன்றலாம். தமிழ்நாட்டு அரசாங்க உத்தியோகஸ்தர்களின் ஓய்வு வயது 2021-ல் அறுபதாக உயர்த்தப்பட்டது. நாற்பத்திரண்டாம் வயதில் இருபது வருஷக் கடன் வாங்கிய உத்தியோகஸ்தர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய கடைசித் தவணை அறுபத்திரண்டாம் வயதில் வரும். சம்பளம் நின்று போன பின்னும் இரண்டு வருஷம் தவணை நிற்காது. பிள்ளையின் படிப்பு, பெண்ணின் கலியாணம், தமது வைத்தியம் எல்லாவற்றுக்கும் வைத்த ஓய்வூதியப் பணத்தில் அது கை வைக்கும். நாளொன்றுக்கு 50 ரூபாய் என்ற சில்லறை, அதே மனிதரை ஐம்பத்தொன்பதாம் வயதில் கடனற்றவராக ஆக்கிவிடுகிறது. சம்பளம் நிற்பதற்கு முன்பே கடன் நின்றுவிடுகிறது. மூன்று வருஷத்தின் மதிப்பு இப்போது விளங்கும் அல்லவா?

காசும் காலமும்

நம்முடைய வீடுகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது. உலையில் அரிசி போடுவதற்கு முன் இல்லத்தரசி ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு ஒரு கலயத்தில் போடுவாள். அந்த ஒரு பிடி குறைந்ததனால் வீட்டில் யாரும் பசித்திருந்ததில்லை. ஆனால் மாத முடிவில் கலயம் நிரம்பியிருக்கும். கோயில் காரியத்துக்கோ, ஏழை மாணவர் சாப்பாட்டுக்கோ அது பயன்படும். இந்த வழக்கத்தில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. சமைத்து உண்டு மிஞ்சியதை அவள் கலயத்தில் போடுவதில்லை. சமைப்பதற்கு முன்பே எடுத்துவிடுகிறாள். மிஞ்சியதைச் சேர்ப்போம் என்றிருப்பவருக்கு ஒருநாளும் மிஞ்சுவதில்லை.

வீட்டுக் கடனில் பிடியரிசிக்கு இன்னும் ஒரு விசேஷம் உண்டு. எவ்வளவு காசு என்பதோடு, எப்போது காசு என்பதும் அங்கே கணக்கு. மேலே கண்ட கடனில் முதல் வருஷ முடிவில் ஒரு தடவை 10 ஆயிரம் ரூபாயை அசலில் கட்டினால், கடைசியில் கட்ட வேண்டிய தவணைகளில் ஏறக்குறைய 50 ஆயிரம் ரூபாய் குறைந்துவிடும். அதே 10 ஆயிரத்தைப் பதினைந்தாம் வருஷ முடிவில் கட்டினால், குறைவது சுமார் 15 ஆயிரந்தான். காசு ஒன்றே; அது அசலைச் சென்று சேர்ந்த நாள்தான் வேறு. "சம்பளம் உயரட்டும், பிறகு பெருந்தொகையாகக் கட்டிவிடலாம்" என்று காத்திருப்பவர் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பின்னால் வரப்போகும் ஆயிரங்களைக் காட்டிலும் இன்று கையில் இருக்கும் நூறுகளுக்கு வலிமை அதிகம்.

இதிலிருந்து மற்றொன்றும் பெறப்படுகிறது. உண்டியலில் தூங்கும் காசு கடனைக் குறைப்பதில்லை. மூன்று வருஷம் மண் உண்டியலில் போட்டு வைத்து, உடைத்து எண்ணி, "ஆகா, இத்தனை சேர்ந்துவிட்டதே!" என்று மகிழ்வதில் ஆனந்தம் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அந்த மூன்று வருஷமும் அதே தொகைக்குப் பாங்கிக்கு 8.5 சதவிகித வட்டி கொடுத்துக்கொண்டிருந்தோம். சாதாரணச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தாலும் வரும் வட்டி கொடுக்கும் வட்டிக்கு ஈடாகாது. ஆகவே உண்டியலின் வேலை ஒரு மாதத்தோடு முடிய வேண்டும். மாதம் பிறந்தால் அதைக் காலி செய்து கடன் கணக்குக்கு அனுப்பிவிட வேண்டும்.

சில்லறை எங்கே போயிற்று?

"இந்தக் காலத்தில் சில்லறை ஏது?" என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்று கணக்கு இருந்தது. ஒரு ரூபாய் என்பது 192 தம்பிடி. சேமிக்க நினைத்தவருக்கு அத்தனை படிகள் இருந்தன. 1957 ஏப்ரல் 1-ந் தேதி முதல் ரூபாய்க்கு நூறு நயாபைசா என்று ஆயிற்று. 2011 ஜூன் மாதத்தோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாமற் போயின. 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு, கறிகாய்க் கடையிலும் பூக்காரியிடமும் கைப்பேசியைக் காட்டினால் போதும் என்றாகிவிட்டது. மீதிச் சில்லறை வாங்கும் வழக்கமே அருகிப் போயிற்று. பூக்காரியிடம் 18 ரூபாய், தேநீர்க் கடையில் 15 ரூபாய் என்று கணக்கில் பிசகு இல்லாமல் போய்விடுகிறது. சட்டைப் பையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதனால் உண்டியலுக்கும் ஒன்றும் வருவதில்லை.

சில்லறை கண்ணுக்கு மறைந்துவிட்டதேயன்றி இல்லாமற் போகவில்லை. கண்ணில் படாத செலவு கணக்கிலும் படுவதில்லை. மாதக் கடைசியில் கைப்பேசியில் உள்ள கணக்கை ஒரு முறை வாசித்துப் பார்த்தால், பத்தும் இருபதுமாக எத்தனை ஓடியிருக்கிறது என்று தெரியும். அந்த ஓட்டத்தின் ஒரு பகுதியை மடை திருப்பினால் அதுவே இன்றைய பிடியரிசி.

செய்யும் முறை சுலபமானது. கடன் தவணை போகும் கணக்கைத் தவிர, வேறு ஒரு சேமிப்புக் கணக்கை இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் இரவில் 20 ரூபாயோ 50 ரூபாயோ அதற்கு மாற்றிவிட வேண்டும். 18 ரூபாய் செலவழித்த இடத்தில் இருபதாகக் கணக்கிட்டு, மீதி இரண்டு ரூபாயை ஒதுக்குவது மற்றொரு வழி. குழந்தைகளிடம் இந்தக் கணக்கை ஒப்படைத்துப் பாருங்கள். பெரியவர்கள் மறந்தாலும் அவர்கள் மறக்க மாட்டார்கள். கூட்டல் கழித்தலும் பழகும், வீடு எப்படி நம்முடையதாகிறது என்பதும் அவர்களுக்கு விளங்கும்.

இன்னும் ரொக்கமாக வாங்கி விற்கும் வீடுகளில் நாணயங்கள் சேரத்தான் செய்கின்றன. அவற்றைப் பாங்கியில் வாங்க மாட்டார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. செல்லுபடியாகும் எல்லா நாணயங்களையும் மறுக்காமல் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது பாங்கிகளுக்கு ரிஸர்வ் பாங்கி இட்ட கட்டளை. நூறு நூறாக எண்ணிப் பையில் கட்டிக் கொண்டு போனால் அங்குள்ள குமாஸ்தாவுக்கும் உபகாரமாக இருக்கும். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று நம் ஊர்களில் வதந்தி பரவியபோது, அதுவரை வெளிவந்த பதினான்கு வித வடிவங்களும் செல்லும் என்று 2018-ல் ரிஸர்வ் பாங்கி அறிவித்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம்.

சிறு துளிகளைச் சேர்க்கும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதன்று. 1872-ல் மயிலாப்பூரில் ஹிந்து பெர்மனெண்டு பண்டு தோன்றியது. 1882-ல் தபாலாபீஸ் சேமிப்பு பாங்கி ஏற்பட்டது. பெரிய முதல் இல்லாதவர்களும் சிறுகச் சிறுகச் சேர்த்து நிமிரலாம் என்ற நம்பிக்கைதான் இத்தகைய ஸ்தாபனங்களுக்கு அஸ்திவாரம்.

பாங்கியில் கேட்க வேண்டியவை

கூடுதல் பணம் கட்டுவதற்கு அபராதம் உண்டோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. முன்பு அப்படி ஒரு கட்டணம் வாங்கத்தான் செய்தார்கள். மாறும் வட்டியில் தனிமனிதர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே தீர்ப்பதற்குப் பாங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று 2012-ல் ரிஸர்வ் பாங்கி உத்தரவிட்டது. 2026 ஜனவரி 1-ந் தேதி முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு இன்னும் விரிவான விதிகள் ஏற்பட்டிருக்கின்றன. முழுவதும் கட்டினாலும் பகுதி கட்டினாலும், பணம் எங்கிருந்து வந்தாலும், தொழிலுக்காக அன்றித் தனிமனிதர் வாங்கிய மாறும் வட்டிக் கடனுக்கு முன்கட்டணம் கிடையாது. நிலையான வட்டியில் கடன் வாங்கியவர்கள் மட்டும் தங்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். அங்கே கட்டணம் இருக்கலாம்.

பணம் கட்டும்போது இரண்டு விஷயங்களைத் தெளிவாக எழுதிக் கொடுப்பது அவசியம். முதலாவது, இந்தத் தொகையை அசலில் வரவு வைக்க வேண்டும். அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாகக் கொள்ளக் கூடாது. இரண்டாவது, தவணைத் தொகை இருந்தபடியே இருக்கட்டும், காலத்தைக் குறைக்க வேண்டும். அசல் குறைந்ததற்காக மாதத் தவணையைக் குறைத்துவிட்டால், மிச்சமான அந்தச் சில ரூபாய் வீட்டுச் செலவில் கரைந்து போகும். கடன் பழைய நாள் வரையில் நீடிக்கும். சில இடங்களில் ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் குறைவாகக் கட்ட இடம் தர மாட்டார்கள். அப்படியானால் அந்தத் தொகை சேரும் வரையில் பொறுத்துக் கட்டலாம். அல்லது மாதத் தவணையையே ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ உயர்த்தித் தரும்படி கேட்கலாம். வருஷத்துக்கு ஒரு முறை கடன் கணக்கின் நகலை வாங்கி, கட்டிய காசு அசலில்தான் கழிந்திருக்கிறதா என்று சரி பார்ப்பதும் நலம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே ரிஸர்வ் பாங்கியின் ரெப்போ வட்டி 4 சதவிகிதத்திலிருந்து 6.5 சதவிகிதமாக ஏறியது. வீட்டுக் கடன் வட்டியும் கூடவே ஏறியது. ஆனால் பலருக்கு மாதத் தவணை ஏறவில்லை. அதனால் அவர்கள் கவலைப்படவும் இல்லை. தவணைக்குப் பதிலாகக் காலம் நீண்டுகொண்டே போயிற்று. 25 லட்சத்துக்கு 7 சதவிகித வட்டியில் 20 வருஷத் தவணை 19,382 ரூபாய். வட்டி 9.5 சதவிகிதம் ஆனால், அதே அசலுக்கு ஒரு மாத வட்டியே 19,791 ரூபாய். கட்டுகிற தவணை வட்டிக்கே போதாது! 2023 ஆகஸ்டில் ரிஸர்வ் பாங்கி தலையிட்டு, வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்றும், எந்தச் சமயத்திலும் பகுதியாகவோ முழுமையாகவோ கட்டித் தீர்க்க இடம் தர வேண்டும் என்றும் விதித்தது. கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதை உபயோகிப்பவருக்குத்தான் அதனால் பிரயோஜனம்.

சில ஆட்சேபங்கள்

"ரூபாயின் மதிப்பு வருஷா வருஷம் குறைகிறது. இருபது வருஷம் கழித்துக் கட்டும் தவணை அன்றைக்கு ஒரு பொருட்டாகவே இராது. அவசரப்படுவானேன்?" என்று பொருளாதாரம் படித்த நண்பர்கள் கேட்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. சம்பளமும் விலைவாசியோடு கூடவே ஏறும் என்ற உறுதி உள்ளவர்களுக்கு இந்த வாதம் பொருந்தும். அந்த உறுதி எத்தனை பேருக்கு உண்டு? தனியார் உத்தியோகத்தில் ஐம்பது வயதுக்கு மேல் சம்பளம் ஏறுவது ஒருபுறம் இருக்க, உத்தியோகம் நிலைப்பதே பெரிய காரியமாக இருக்கிறது.

"அந்தப் பணத்தைப் பங்குகளில் போட்டால் இன்னும் அதிகம் வருமே!" என்பது மற்றோர் ஆட்சேபம். வரலாம், வராமலும் போகலாம். அசலில் கட்டிய ரூபாயோ 8.5 சதவிகித வட்டியை நிச்சயமாக மிச்சப்படுத்துகிறது. தவிரவும், நாம் பேசிக்கொண்டிருப்பது சில்லறையைப் பற்றி. எடுத்து வைக்காவிட்டால் அது பங்குச் சந்தைக்குப் போகப் போவதில்லை. பஜ்ஜிக் கடைக்குத்தான் போகும்.

"வட்டிக்கு வருமான வரியில் சலுகை இருக்கிறதே!" என்பார் மூன்றாமவர். பழைய வரிமுறையைத் தேர்ந்துகொண்டவர்களுக்கு, தாம் குடியிருக்கும் வீட்டுக் கடனின் வட்டியில் வருஷத்துக்கு 2 லட்ச ரூபாய் வரையில் கழிவு உண்டு. புதிய முறையில் இந்தச் சலுகை இல்லை. சலுகை பெறுபவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். முப்பது ரூபாய் வரியை மிச்சப்படுத்துவதற்காக நூறு ரூபாய் வட்டி கொடுப்பது, மீதி எழுபது ரூபாயைக் கைவிட்டதாகத்தானே ஆகும்?

இவ்வளவும் சொன்ன பிறகு எச்சரிக்கையாகவும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். குழந்தையின் பாலையும் பெரியவர்களின் மருந்தையும் குறைத்துக் கடனை அடைப்பது சிக்கனமாகாது, அது அறியாமை. கிரெடிட் கார்டுக் கடன், கைமாற்று முதலிய அதிக வட்டிக் கடன்கள் இருந்தால் சில்லறை முதலில் அங்கே போகட்டும். ஆபத்துக்கு உதவ நாலைந்து மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கட்டும். ஏனென்றால் அசலில் கட்டிய பணத்தை வேண்டியபோது பாங்கியில் திருப்பிக் கேட்க முடியாது. சம்பாதிப்பவருக்கு ஆயுள் இன்ஷியூரன்ஸும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஆன பின்பு எடுத்து வைக்கும் பிடிதான் வீட்டை மீட்கும் பிடி.

பத்திரம் வீடு திரும்பும் நாள்

கடைசிக் காசு கட்டியாயிற்று என்பதோடு காரியம் முடிந்துவிடாது. 2023 செப்டம்பரில் ரிஸர்வ் பாங்கி வெளியிட்ட உத்தரவு அந்த வருஷம் டிசம்பர் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்கள் அனைத்தையும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று அது கூறுகிறது. கடன் கொடுத்த ஸ்தாபனத்தின் குற்றத்தால் தாமதமானால், நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் நஷ்ட ஈடு தர வேண்டும். கடன் பாக்கி இல்லை என்ற சான்றையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பத்திர ஒப்படைப்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கே பதிவு செய்துவிட வேண்டும். பிறகு புதிதாக ஒரு வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்து, அடமானம் நீங்கியது அதில் ஏறியிருக்கிறது என்று கண்டுகொண்டால், அதன் பின் கவலையில்லை.

கிருகப் பிரவேசத்துக்கு நாள் பார்க்கிறோம், நாதஸ்வரம் வைக்கிறோம், நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறோம். பத்திரம் வீடு திரும்பும் நாளை மாத்திரம் யாரும் கொண்டாடுவதில்லை. உண்மையில் வீடு நமக்கு முற்றும் சொந்தமாகும் நாள் அதுதான். அந்த நாளைப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறிக்க முடியாது. ஆனால் கொஞ்சம் முன்னால் இழுத்து வர முடியும். மாதம் 600 ரூபாய்க்குப் பதினாறு மாதம், 1,500 ரூபாய்க்கு மூன்று வருஷம் என்று கணக்கு நம் முன் இருக்கிறது. இன்றிரவு உலை வைப்பதற்கு முன் ஒரு பிடி எடுத்து வைத்துவிட்டால், அந்த நாள் இன்றைக்கே ஒரு அடி நெருங்கி வந்துவிடும்.